காற்றை யார் வாங்கினார்கள்?

(சாலை சைக்கிள் போட்டிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கும்பகோணத்தில் சைக்கிள் கடை நடத்திக்கொண்டே டெல்டா பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் முன்னாள் வீரர் பதில் தருகிறார்.)

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். போன மாதம் ஒரு வாரம் நடந்த சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப்புக்குப் போனான். முதல் நாள் தனித்தனியாக ஓட்டும் போட்டியில் நான்காவதாக வந்தான். கடைசி நாள் பெரிய ரேஸில் 38-வது. அவனோடு போன பையன் ஒருவன் மெடலோடு வந்தான். இவனைக் கேட்டால், "நல்லாத்தான்மா ஓட்டினேன்" என்கிறான். இதை நிறுத்திவிட்டுப் படிப்பைப் பார்க்கச் சொல்லலாமா?
*— ஒரு தாய், பாபநாசம்*

அம்மா, நிறுத்தச் சொல்வதற்கு முன் மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கடைசி நாள் காத்துல யாருப்பா முன்னாடி ஓட்டினது?" அவன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

முதல் நாள் நடந்தது டைம் டிரையல். ஒருவர் கிளம்பி ஒரு நிமிடம் கழித்து அடுத்தவர் கிளம்புவார். யார் முதுகுக்குப் பின்னாலும் ஒதுங்கக் கூடாது. அதில் நான்காவது என்றால் அவன் காலில் அந்த அளவுக்குப் பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதில் சந்தேகமே வேண்டாம்.

கடைசி நாள் நடந்தது வேறு ஆட்டம். எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மிதிக்கிற பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். முன்னால் ஓட்டுபவனின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவனுக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலம் மிச்சம். பெரிய கூட்டத்தின் நடுவயிற்றில் இருந்தால், தனியாக ஓட்டுபவன் தாங்கும் காற்றில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்று காற்றுச் சுரங்கச் சோதனைகளில் அளந்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு அணி காலையிலேயே முடிவு செய்துவிடும்: இன்று கடைசி 200 மீட்டர் பாய்ச்சல் ஒருவனுக்கு, அதுவரை காற்று மற்றவர்களுக்கு. யாராவது பிய்த்துக்கொண்டு ஓடினால் விரட்டிப் பிடிப்பது, பின்னால் வரும் வண்டிவரை போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வருவது, தலைவனுக்குப் பஞ்சர் என்றால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது, கடைசி கிலோமீட்டரில் உயிரைக் கொடுத்து இழுத்துவிட்டு ஓரமாக ஒதுங்குவது எல்லாம் அவர்கள் வேலை. ஒதுங்கியவனுடைய ரேஸ் அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் அவன் 20-வதாக வந்தால் என்ன, 38-வதாக வந்தால் என்ன? முடிவுத்தாளில் அவன் செய்த வேலைக்கு இடமே கிடையாது. பெற்றோர்கள் அந்தத் தாளை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை எடைபோடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம்.

ஒரு வாரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பையன்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாங்கான ஒரு ஊருக்குப் போயிருந்தோம். டைம் டிரையலில் ஒருவனுக்குச் செயின் கழன்றது. மாட்டி ஏறி உட்கார்வதற்குள் வாரம் போச்சு என்று அழுதான். இரண்டு நாள் கழித்து கிரிட்டீரியம். ஊருக்குள்ளேயே சின்னச் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, வளைவுக்கு வளைவு தோளோடு தோள் உரசும். கடைசிச் சுற்று மணி அடித்தபோது அதே பையன் ஆறாவது இடத்தில் இருந்தான். கோட்டில் அரைச் சக்கர வித்தியாசத்தில் இரண்டாவது! அன்று ராத்திரி தங்கியிருந்த கல்யாண மண்டபத்தில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை. தூங்கியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கடைசி நாள் ரோடு ரேஸ். நீடாமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன், நெட்டையாக இருப்பான், பேச்சு குறைவு. பாதி தூரத்தில் எங்கள் மெடல் நம்பிக்கைக்கு முன்சக்கரம் பஞ்சர். உதவி வண்டி வேறொரு கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நெட்டையன் யோசிக்கவே இல்லை. தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்து, அவனைத் தள்ளியும் விட்டான். பிறகு வண்டி வரும்வரை காற்றுப் போன சக்கரத்தோடு வெயிலில் நின்றான். அந்தச் சக்கரத்தில் ஓட்டியவன் மூன்றாவதாக வந்தான். மேடையில் ஒரு பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஊர் திரும்பும்போது வேனில் டிரைவர் பக்கத்து சீட், எல்லோரும் அடித்துக்கொள்கிற சீட், யாரும் சொல்லாமலே நெட்டையனுக்குப் போனது.

உங்கள் மகன் "நல்லாத்தான் ஓட்டினேன்" என்று சொன்னது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு போட்டியில் இவன் உழைத்தால், அடுத்ததில் இவனுக்காக மற்றவர்கள் உழைக்க வேண்டும். டைம் டிரையலில் நான்காவதாக வருகிறவனுக்கு ஒரு தடவையாவது அந்த வாய்ப்பு வர வேண்டும். எப்போதும் இவனையே காற்றில் விட்டால், பயிற்சியாளரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், தயங்காதீர்கள். தேர்வு முடியும்வரை காலையில் ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு நீள ஓட்டம் போதும். படிப்பு கெடாது, காலும் மறக்காது.

கேள்வி: நம் டெல்டாவில் மேடே இல்லை. மலையடிவாரத்துப் பையன்களோடு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது?
*— கல்லூரி மாணவர், திருத்துறைப்பூண்டி*

தம்பி, மேடு இல்லைதான். பாலம் ஏறினால் அதுதான் நமக்கு மலை. தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம் மேடு இருக்கிறது, அதையே பத்துத் தடவை ஏறி இறங்கலாம். வருடத்தில் சில வாரக் கடைசிகளில் கொல்லிமலைக்குப் போய் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பாருங்கள். ஏற்றத்தில் மூச்சை எப்படிப் பங்கு போடுவது என்பது அங்கேதான் பிடிபடும்.

ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் வாசலில் இருக்கிறது. ஆடிக் காற்று. வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலை வடக்கு தெற்காகப் போகிறது, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. உப்பளப் பக்கம் மறைக்க ஒரு மரம் கிடையாது. முழுப் பக்கக்காற்று! தெற்கே போகும்போது காற்று வலது பக்கம் அடித்தால், காற்று படாத மறைவு முன்னவனுக்கு நேர் பின்னால் இருக்காது, இடது பின்பக்கம் சாய்ந்து விழும். அதனால் கூட்டம் சாய்கோடாகச் சாலை முழுக்க விரியும். சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் கொடுக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. மிச்சமுள்ளவர்கள் ஓரத்தில் ஒரே வரிசையில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொருவராக அறுந்து போவார்கள். பெரிய பெரிய ரேஸ்கள் மலையே இல்லாமல் இப்படிக் காற்றில் உடைந்திருக்கின்றன. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அடுத்த வளைவு வருவதற்கு முன்பே தெரிந்தவன், வளைவுக்கு முன்னால் முதல் பத்துப் பேருக்குள் போய்விடுவான். அந்த அறிவு நம் பையன்களுக்குத் தோலிலேயே இருக்கிறது. நாற்றங்கால் தலை சாய்வதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சாய்கோட்டுப் பயிற்சியில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம், இடது ஓரத்தைத் தாண்டவும் வேண்டாம். ரேஸ் அன்று சாலை உங்களுடையது, மற்ற நாளில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் உரியது. நடவு சமயத்தில் டிராக்டர் கேஜ் வீலிலிருந்து விழும் சேறு, தை மாசியில் ரோட்டில் காயும் நெல், சுற்றிக்கொள்ளும் வைக்கோல், இவற்றையும் பார்த்துப் போங்கள். வைக்கோல் ஒரு பிடி பின் கியரில் சுற்றினால் டெரெய்லியர் (கியர் மாற்றும் கருவி) ஒடிந்து கையோடு வரும்.

கேள்வி: மகன் ஏரோ ஹெல்மெட், கார்பன் சக்கரம் எல்லாம் கேட்கிறான். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
*— ஒரு தந்தை, ஒரத்தநாடு*

காற்றுக்கு வடிவம் முக்கியம் என்பது உண்மை. பிரான்சில் மூன்று வாரம் நடக்கும் பெரிய போட்டியான டூர் டி பிரான்ஸ், 1989-இல் அதன் கடைசி நாள், 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், பிரான்சின் லாரண்ட் ஃபினோனைவிட 50 விநாடி பின்னால் இருந்தார். கையை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும் புதுமாதிரி ஹேண்டில்பார் பிடித்து ஓட்டினார். ஃபினோன் ஹெல்மெட் இல்லாமல், குடுமி பறக்க ஓட்டினார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய போட்டியை லெமாண்ட் 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். இன்றைக்கும் அந்த 8 விநாடியை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் ஐயா, அங்கே வென்றதில் பெரும்பங்கு உடம்பு உட்கார்ந்த விதத்துக்கு. காற்றை அதிகம் தடுப்பது சைக்கிள் இல்லை, ஓட்டுகிற ஆள்தான். முழங்கையை உள்ளே வைப்பது, முதுகைத் தாழ்த்துவது, தொளதொள சட்டையை விடுவது, இவற்றுக்குக் காசு வேண்டாம். வளர்கிற பிள்ளைக்கு அளவுக்குச் சரியான ஃபிரேம் வாங்குங்கள், நல்ல டயர் இரண்டு வாங்குங்கள், சீமைக்கருவேல முள்ளுக்கு மாற்று டியூப் எப்போதும் கையில் இருக்கட்டும். சர்வதேசப் போட்டிகளில் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை அனுமதிப்பதே இல்லை, எனவே எடை குறைக்கும் பைத்தியம் வேண்டாம். கார்பன் சக்கரம், அவன் கல்லூரிக்குப் போய், இதிலேயே இருப்பான் என்று தெரிந்த பிறகு.

கேள்வி: ரேஸின் நடுவில் திடீரென்று கை கால் வெலவெலத்துப் போகிறது. என்ன சாப்பிடலாம்?
*— வாசகர், அம்மாப்பேட்டை*

உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, முழு வேகத்தில் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். தீர்ந்த பிறகு சாப்பிட்டு மீள முடியாது. அதனால் முதல் அரை மணியிலேயே ஆரம்பியுங்கள். மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் என்பது பொதுக்கணக்கு: பூவன் பழம் இரண்டு மூன்று, கூடவே இனிப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது, முடிந்த பிறகு தின்னுங்கள். வாரம் முழுக்க ரேஸ் இருந்தால் அன்றன்று ஓட்டி முடித்த அரை மணிக்குள் சோறு உள்ளே போக வேண்டும். தயிர் சாதமும் வாழைப்பழமும் போதும். நாளைய கால் இன்று மதியம் தட்டில்தான் தயாராகிறது.

கேள்வி: விழுந்து சிராய்த்துக்கொண்டு வந்தால் காப்பித்தூள் வைக்கலாமா?
*— வாசகி, மயிலாடுதுறை*

கூடவே கூடாது. ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு, மண் துகள் போகும்வரை கழுவுங்கள். எரியும், பரவாயில்லை. சுத்தமான துணிக்கட்டு, டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் ஆஸ்பத்திரி. கை ஊன்றி விழுந்து தோளைத் தூக்க முடியவில்லை என்றால் காறை எலும்பு உடைந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள். தலை மோதிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: அமெச்சூர் உலகப் பட்டம் என்று முன்பு படித்திருக்கிறேன். இப்போது உண்டா?
*— ஓய்வு பெற்ற ஆசிரியர், சுவாமிமலை*

சாலைப் போட்டியின் உலகப் பட்டமே 1921-இல் கோபன்ஹேகனில் அமெச்சூர்களுக்காகத்தான் தொடங்கியது ஐயா. தொழில்முறை வீரர்களுக்கு 1927-இல்தான் வந்தது. பெல்ஜியத்தின் பெரிய வீரர் எடி மெர்க்ஸ் 1964-இல், 19 வயதில், அமெச்சூர் உலகச் சாம்பியன். 1996 முதல் அந்த இடத்துக்கு 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு வந்துவிட்டது.

கேள்வி: நான் பிளஸ் ஒன். ஸ்கூலில் கொடுத்த சைக்கிள்தான் இருக்கிறது. போட்டிக்குப் போகலாமா? பெண் பிள்ளை ரோட்டில் ரேஸ் ஓட்டுவதா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
*— மாணவி, மன்னார்குடி*

தாராளமாகப் போ அம்மா. அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் அரசு நடத்தும் சைக்கிள் போட்டிக்குச் சாதாரணக் கைப்பிடி வைத்த இந்தியத் தயாரிப்பு சைக்கிள்தான் வேண்டும். கியர் சைக்கிளே கூடாது. உன் சைக்கிள் அதற்குப் பொருத்தம். 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 15 கிலோமீட்டர். பள்ளியில் வயதுச் சான்று வாங்கிக்கொண்டு மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பதிவு செய். வீட்டில் கேட்டால், பெண்களுக்கு 1958 முதல் சாலை உலகப் பட்டமும், 1984 முதல் ஒலிம்பிக் ரோடு ரேஸும் இருக்கிறது என்று சொல். அப்பாவை ஒரு நாள் போட்டி பார்க்க அழைத்து வா. போட்டிப் பாதை முழுக்கப் போலீஸும் ஆம்புலன்ஸும் நிற்பதைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

அதற்கு முன் சீட்டைச் சரிபார். அந்த சைக்கிள்கள் பெரும்பாலும் சீட் தாழ்ந்துதான் ஓடுகின்றன. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், மடங்கினால் சீட்டை ஏற்று. செயினுக்கு எண்ணெய், பிரேக் கட்டைக்கு ஒரு பார்வை, டயருக்கு முழுக் காற்று. சீட் போல்ட் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால் தெருவில் இருக்கும் சைக்கிள் கடைக்காரரிடம் கொடு, ஐந்து நிமிட வேலை.