அமினோ அமிலக் கரைசல் தெளித்தால் வெயிலில் வாடும் பயிர் தேறுமா?

கேள்வி: முலாம்பழமும் நிலக்கடலையும் போட்டிருக்கிறேன். உச்சிவெயிலில் இலை துவண்டுவிடுகிறது. சில நாளாக வெளிறவும் தொடங்கியிருக்கிறது. அமினோ அமிலக் கரைசல் ஒன்றின் புட்டியில் ‘பெராக்சிசோம் நொதிகளைத் தூண்டி வெயிலைத் தாங்க வைக்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன நொதி ஐயா? வாங்கித் தெளிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். அடுத்து, வெளிறியது இளம் இலையா, முதிர்ந்த இலையா என்று பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பெராக்சிசோம் என்பது இலைச் செல்லுக்குள் பசுங்கணிகத்தை ஒட்டியே இருக்கும் நுண்ணிய பை. 1968-இல் டோல்பர்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் கீரை இலையிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, உள்ளே என்னென்ன நொதிகள் வேலை செய்கின்றன என்று காட்டினார்கள். வெயில் ஏறி நீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. உள்ளே கரியமில வாயு குறைகிறது. அப்போது, கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ என்ற நொதி அதற்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. சாதாரண நாளில், 25 டிகிரி வெப்பத்திலேயே, நிலக்கடலை போன்ற பயிர்களில் ரூபிஸ்கோவின் வேலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்படித்தான் போகிறது; சூடு கூடக் கூட இன்னும் அதிகம். சோளம், கரும்பு போன்றவை இதிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடும்.

இப்படி உண்டாகும் கிளைக்கோலேட் என்ற பொருள் பெராக்சிசோமுக்குள் வந்து கிளையாக்சிலேட்டாக மாறுகிறது. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் பிறக்கிறது. அதைக் கேட்டலேஸ் என்ற நொதி உடனே உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செல்லே பாதிக்கப்படும். கிளையாக்சிலேட் சும்மா கிடப்பதில்லை. அமினோ மாற்று நொதிகள் இரண்டு, குளுட்டமேட்டிலிருந்தும் செரினிலிருந்தும் அமினோ பகுதியை எடுத்து அதில் ஏற்றி, கிளைசின் என்ற அமினோ அமிலமாக்குகின்றன. பிறகு மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டு கிளைசின் சேர்ந்து ஒரு செரின் ஆகும்போது அம்மோனியா வெளிவருகிறது. வேர் உறிஞ்சித் தரும் தழைச்சத்தைவிட இது பல மடங்கு அதிகம். பசுங்கணிகம் அதைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. அந்த வேலைக்கு மக்னீசியம் தேவை.

இப்போது புட்டிக்கு வருவோம். தோல், எலும்பு போன்றவற்றின் புரதத்தைச் சிதைத்துச் செய்யும் கரைசல்களில் மற்ற எந்த அமினோ அமிலத்தையும்விடக் கிளைசின்தான் அதிகம். உச்சிவெயிலில் உங்கள் இலை தானாகவே குவித்துக்கொள்ளும் பொருளும் அதுதான். இருப்பதையே காசு கொடுத்து மறுபடி ஊற்றுவானேன்?

இந்த நொதிகள் அற்பமானவை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் சேகரிக்கப்பட்ட முலாம்பழ வகை ஒன்று அடிச்சாம்பல் நோயை எதிர்த்து நின்றதற்கு, அதே பெராக்சிசோம் அமினோ மாற்று நொதிகளை இரண்டு மரபணுக்கள் கூடுதலாகத் தயாரித்ததே காரணம் என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஆனால் அந்த எதிர்ப்பு விதையோடு வந்தது, தெளித்து வரவழைத்ததல்ல.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். காலையில் மண்ணை விரலளவு தோண்டிப் பார்த்து, காய்ந்திருந்தால் பாசனம் கொடுங்கள்; முலாம்பழத்துக்கு மூடாக்கு போடுங்கள். மதியம் துவண்டு, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும் இலையைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையிலும் துவண்டே இருந்தால் வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

நிலக்கடலையின் குருத்திலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அடிக்கடி வரும். நான் மேலே சொன்ன கேட்டலேஸின் மையத்தில் இருப்பதும் இரும்புதான். அது குறைந்த இலையில் கேட்டலேஸும் குறைகிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் தெளியுங்கள். முதலில் சில செடிகளில் தெளித்து, இலை கருகுகிறதா என்று பாருங்கள். அடியிலை நரம்பிடையில் மஞ்சளித்தால் மக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். மஞ்சளைக் கண்டதும் யூரியாவைக் கொட்டிவிடாதீர்கள். இந்த இரண்டு குறைக்கும் அது மருந்தல்ல.

எந்த இலையில் மஞ்சள் தொடங்கியது என்பதையும், மண் பரிசோதனை முடிவு இருந்தால் அதையும் எழுதுங்கள். அளவைத் திருத்திச் சொல்கிறேன்.