லயத்தில் சக்கர நாற்காலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விபத்துக்குப் பிறகு என் கணவர் சக்கர நாற்காலியில். தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். அரசாங்க வீட்டு உதவி கிடைக்குமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: கேட்கலாம் சகோதரி. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் வீட்டு உதவி வழங்குகிறது. நீங்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை; உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கேளுங்கள். அரசாங்க வைத்தியரின் சான்றிதழும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் கையில் இருக்கட்டும்.

தோட்டத்து ஆட்களுக்குச் சிக்கல் காணியில்தான். லயம் உங்கள் பெயரில் இல்லை. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில். காணி உறுதிப் பத்திரம் இல்லாத இடத்தில் கட்டப் பணம் கேட்டால் கோப்பு அப்படியே கிடக்கும். ஆகவே தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூலச் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. காணியோடு தனிவீட்டுத் திட்டம் உங்கள் தோட்டத்துக்கு வந்தால், பாதையோரத்துச் சமதரைக் காணி வேண்டும் என்று, காணி பிரிக்கும் முன்பே, எழுத்தில் கேளுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

சக்கர நாற்காலி வாசலுக்கு ஏறும் சாய்தளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். வாசல் 2 அடி உயரமென்றால் 24 அடி; மலைச்சரிவில் நேராக இடம் கிடைக்காது, நடுவில் 5 அடிச் சமதளம் விட்டுத் திருப்புங்கள். மழையில் பாசி பிடிக்கும், சிமெந்தை வழுவழுப்பாகப் பூசவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே கீறச் சொல்லுங்கள். கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். அவர் உள்ளே விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை உங்களால் தள்ளவே முடியாது.