உங்களுக்கும் ஒரு தடைக்காலம் வேண்டும்

கேள்வி: பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். வேலைகள் தேங்கிக்கொண்டே போகின்றன. அப்பா காலமாகி ஆண்டுகள் பல ஆகியும் வீட்டு மனைப் பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டோடு நிற்கிறது. மாடி அறை பூசப்படாமல் கிடக்கிறது. வெளியூர் வியாபாரிகளிடம் நிற்கும் பாக்கியை வசூலிக்கவில்லை. எங்கள் ஊர் வரலாற்றை எழுதும் ஆசையும் அப்படியே இருக்கிறது. நேரத்தைச் சரியாகப் பயன்படுத்த நல்ல கைபேசிச் செயலி ஏதேனும் உண்டா? தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பதில் எழுதுங்கள்.
— வாசகர், பாம்பன்

பதில்: செயலி இருக்கட்டும். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எனக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறீர்களே, "நேரம் கிடைக்கும்போது" என்று, அதே சலுகையைத்தான் பட்டாவுக்கும் மாடி அறைக்கும் பாக்கிக்காரர்களுக்கும் இத்தனை ஆண்டுகளாகக் கொடுத்து வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இந்தச் சலுகையின் விளைவை எங்கள் இதழ் அலுவலகம் நன்கு அறியும். நேரம் கிடைக்கும்போது கட்டுரை அனுப்புவதாக வாக்களித்த எழுத்தாளர்களில் சிலர் தாத்தாவாகிவிட்டார்கள். பேரன் வந்துவிட்டான், கட்டுரை வரவில்லை. அவர்கள் எல்லோரிடமும் செயலி இருக்கிறது. ஒருவரிடம் மூன்று இருக்கின்றன, அவற்றை ஒழுங்குபடுத்துவதிலேயே அவருக்குக் காலைப்பொழுது கழிந்துவிடுகிறது.

நீங்கள் குடியிருக்கும் கரையில் நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை, அது பங்கிடப்படுகிறது. வாரத்தில் விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாட்டை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கணக்கு வைத்துக் கடலுக்குப் போகின்றன. செவ்வாய்க்கிழமை தமக்கு உற்சாகம் பிறந்துவிட்டது என்று யாரும் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கன் கேட்க முடியாது. தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கிறது. வாடைக்காற்றில் வடகடலான பாக் நீரிணைப் பக்கம் முரண்டு பிடிக்கிறது. காற்றின் பக்கம் பார்த்துக் கரை மாறித் தொழில் செய்பவர்கள் நடுவே வாழும் நீங்கள், உங்கள் சொந்த வேலைக்கு மட்டும் கிழமை குறிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நோய்க்கு மருந்தும் அங்கேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு விதித்த தடை அது. ஆனால் அந்த நாள்களில்தான் படகு கரையேறுகிறது, மக்கிய பலகை மாற்றப்படுகிறது, இன்ஜின் பிரிக்கப்படுகிறது, வர்ணம் பூசப்படுகிறது, பத்து மாதமாக ஒட்டுப்போட்டுச் சமாளித்த வலை ஒழுங்காகப் பின்னப்படுகிறது. தடைக்காலத்தில் மீனவர் குடும்பம் படும் பாட்டை நான் அறிவேன்; அதை அழகுபடுத்திப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் அதன் சூத்திரம் எளியது: புதிய வேலைக்குப் போவது நின்றால்தான் பழைய வேலை முடியும். நீங்களோ, தேங்கிய ஐந்து வேலைகளைத் தூக்கிக்கொண்டு நாள்தோறும் ஆறாவதற்குக் கிளம்புகிறீர்கள். மாதத்தில் ஒரு வாரம், சரக்கு வரத்து குறைவான நாள்களாகப் பார்த்து, புதிய பொறுப்பு எதையும் ஏற்பதில்லை என்று உங்களுக்கு நீங்களே தடை விதித்துக்கொள்ளுங்கள்; அந்த வாரத்துக்கு ஒரே ஒரு பழைய வேலை.

இந்த இடத்தில் ஊக்கப் பேச்சாளர்கள் குறுக்கே வருவார்கள். இவர்களோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சீரமைத்த கதையை மேடைதோறும் சொல்லி, நம்மை எல்லாம் சோம்பேறிகள் என்று வைதுவிட்டு, சால்வை வாங்கிக்கொண்டு போவார்கள். கதை உண்மைதான். 6 மாதம் என்று வைத்த கெடு 3 மாதமாகக் குறைக்கப்பட்டு, 46 நாளில் வேலை முடிந்தது. கடலுக்குள் விழுந்த கர்டர்களையே மீட்டுத் திரும்பப் பொருத்தினார்கள். ஆனால் அந்த நாள்களில் அந்த இளம் பொறியாளரின் கையில் பாலம் என்ற ஒரே வேலைதான் இருந்தது என்பதைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. பக்கத்திலேயே எழுந்த புதிய பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டி, 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். இடையில் கொரோனா வந்ததை மறுக்கவில்லை. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றபின், தீவுக்கு ரயிலே இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் கழிந்ததையும் மறக்கவில்லை.

இழுபறியில் உலகச் சாதனை என்றால், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கப்பல் போகக் கடலில் கால்வாய் தோண்டும் சேது சமுத்திரத் திட்டம்தான். 1860இல் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி யோசனை சொன்னார். 1955இல் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழு அமைந்தது. கொடுத்த கால அளவு முழுவதையும் நிரப்பும்வரை வேலை நீண்டுகொண்டே போகும் என்று பார்கின்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் இலண்டன் வார இதழ் ஒன்றில் எழுதியதும் அதே 1955இல்தான். நம் கால்வாயை அறிந்திருந்தால் அவருக்கு எடுத்துக்காட்டுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடக்க விழா நடந்தது. பிறகு வழக்கு, எதிர்ப்பு, வாக்குறுதி. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளை எண்ணினால், தோண்டாமல் விட்டதே நல்லது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வழக்கம்போலக் கடிதம் எழுதலாம். என் கோபம் வேறு: செய்வதும் இல்லை, கைவிட்டோம் என்று அறிவிப்பதும் இல்லை. அஞ்சல்வழிப் படிப்பை நீங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள். பட்டம் உங்கள் வியாபாரத்துக்குத் தேவையில்லை, படிப்பில் ஆசையும் வற்றிவிட்டது என்றால், அந்தப் புத்தகங்களை இன்றே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். முடிந்த வேலைகளில் ஒன்றாக அதையும் எழுதிக்கொள்ளலாம்.

பட்டாவும் பாக்கியும் நேரமில்லாமல் நிற்பவை அல்ல. பட்டா மாற்ற வேண்டுமானால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம் ஆகியவற்றோடு இ-சேவை மையத்துக்குப் போனால் விண்ணப்பம் பதிவாகிவிடும். ஆனால் அதற்கு முன் உடன்பிறந்தவர்களோடு உட்கார்ந்து, கூட்டுப் பட்டாவா, பாகப்பிரிவினையா என்று பேசியாக வேண்டும். பாக்கிக்கும் அதே கதிதான். பழகிய மனிதரிடம் பணத்தைக் கேட்க வாய் கூசுகிறது. இரண்டும் அரைமணி நேரப் பேச்சுகள், அந்த அரைமணிக்குப் பயந்து ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு தடை வாரங்கள் இவற்றுக்கு. மாடி அறை பூச்சுக்குக் காத்திருக்கட்டும். மேலே ஆள் குடியேறப்போவதில்லையே.

"தூங்குக தூங்கிச் செயற்பால" என்று வள்ளுவரே தள்ளிப்போட அனுமதித்திருக்கிறார். பேச்சாளர்கள் "தூங்கற்க தூங்காது செய்யும் வினை" என்ற அந்தக் குறளின் பின்பாதியை மட்டும் சொல்வார்கள். ஊர் வரலாற்றை எழுதுவது அப்படித் தாமதிக்கக்கூடிய வேலை. தகவல் கேட்பது அப்படியல்ல: 1964 புயலை நேரில் கண்டவர்களில், அன்று பத்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கே இன்று எழுபது தாண்டிவிட்டது. செயலி கேட்டீர்கள் அல்லவா? உங்கள் கைபேசியில் ஒலிப்பதிவுச் செயலி ஏற்கெனவே இருக்கும். இந்த வாரமே உங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய் வைத்து, அந்த இரவைப் பற்றிக் கேளுங்கள். பேச்சை எழுத்தாக்கி அனுப்பினால் நம் இதழில் மூன்று பக்கம் ஒதுக்குகிறேன். மாதம் பிறந்து பத்து தேதிக்குள் வந்து சேர்ந்தால் மட்டும்.