மார்பு தளர்ந்துவிட்டது, பம்பில் 40 மில்லிதான் வருகிறது: என் பால் போதவில்லையா?

கேள்வி: என் மகளுக்கு 5 வாரம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பிறந்தபோது 2.9 கிலோ இருந்தாள். 12-ஆம் நாள் பரிசோதனையில் அதே எடைக்குத் திரும்பியிருந்தாள். நேற்று 3.6 கிலோ. ஒரு நாளைக்கு 7, 8 முறை சிறுநீர் போகிறாள். மலம் மஞ்சளாக 3 முறையாவது போகிறது. ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், அரை மணிக்கு ஒருமுறை பால் கேட்டு அழுகிறாள். முதல் வாரங்களில் கல் மாதிரி இருந்த மார்பு இப்போது தளர்ந்துவிட்டது. பால் கொடுத்து முடித்தபின் பம்ப் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லிதான் வருகிறது. பால் வற்றிக்கொண்டு வருகிறது, ராத்திரிக்கு மட்டுமாவது பவுடர் பால் கொடு என்கிறார்கள் வீட்டில். வலது பக்கம் கொடுக்கும்போது உயிர் போகிற வலி வேறு. என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: உங்கள் பால் போதுகிறது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நீங்களே எழுதியிருக்கிற கணக்கை வைத்துத்தான் சொல்கிறேன். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தைகள் கொஞ்சம் எடை குறைவது வழக்கம். 7 சதவீதம் வரை போனால் பயமில்லை, 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் பார்த்தாக வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். உங்கள் மகள் 12-ஆம் நாளே திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு 23 நாளில் 700 கிராம் ஏறியிருக்கிறாள், அதாவது நாளுக்கு 30 கிராம். முதல் 3 மாதங்களில் நாங்கள் எதிர்பார்ப்பதே 20 முதல் 30 கிராம்தான். வேறு எதுவுமே கொடுக்காத நிலையில், அந்த 700 கிராமும் உங்கள் பாலிலிருந்து வந்ததுதான். சிறுநீர்க் கணக்கும் அதையே சொல்கிறது: 5-ஆம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 டயப்பராவது நன்றாக நனைய வேண்டும், உங்கள் வீட்டில் அதற்கு மேலேயே நனைகிறது.

அப்படியானால் மார்பு ஏன் தளர்ந்தது? பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடி வெளியேறி, புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மளமளவென்று குறைகிறது. அதுவரை தடுத்து வைக்கப்பட்டிருந்த பால் சுரப்பு 2 முதல் 4 நாளில் வேகமெடுக்கிறது. அப்போது மார்பு கல்லாகிப்போவதற்குப் பால் மட்டும் காரணமில்லை, அதிகமாகப் பாயும் ரத்தமும் நீர்க்கட்டும் சேர்ந்த வீக்கம் அது. சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிடும். குழந்தை குடிக்கிற அளவுக்கு ஏற்ப மார்பும் சுரக்கப் பழகிவிடும். நீங்கள் வற்றல் என்று பயந்தது, உண்மையில் சுரப்பு நிலைப்பட்டதன் அடையாளம். மார்பு சிறியது என்று கவலைப்படுகிற அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை: மார்பின் பருமனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொழுப்புதான், அதற்கும் சுரக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை.

பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை வயிறு நிறையக் குடித்து முடித்த பிறகு நீங்கள் எடுத்தது அந்த 40 மில்லி. அது மிச்சப் பால், அந்த நேரத்துக்கு நல்ல அளவே. பால் பீறிட்டு வருவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். குழந்தையின் சூடு, வாசனை, உறிஞ்சல் எல்லாம் அதைத் தூண்டும். பிளாஸ்டிக் புனலும் பதற்றமும் அந்த அளவுக்குத் தூண்டாது. அளந்து பார்ப்பதற்காக மட்டும் பம்ப் வைப்பதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

அளவு தெரிய வேண்டுமானால் குழந்தையின் தாடையைப் பாருங்கள். முதலில் சின்னச் சின்னதாக, வேகமாகச் சப்புவாள். அது பாலை வரவழைக்கும் சப்பல். ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் இறங்கியதும் தாளம் மாறும். வாய் அகலமாகத் திறக்கும், தாடை கீழே இறங்கி ஒரு கணம் அங்கேயே நிற்கும், பிறகு மூடும். அந்த ஒரு கண நிறுத்தத்தில்தான் வாய் நிறையப் பால் போகிறது. அமைதியான அறையில் லேசான மூச்சு போல விழுங்கும் சத்தமும் கேட்கும். ஆரம்பத்தில் இறுக்கி மூடியிருந்த கை, வயிறு நிறைய நிறையத் தளர்ந்து விரிவதையும் பார்க்கலாம்.

சாயங்கால அழுகையால்தான் பல வீடுகளில் பவுடர் பால் டப்பா உள்ளே வருகிறது. இந்த வயதில் குழந்தைகள் மாலையிலிருந்து இரவு வரை அடுத்தடுத்து பால் கேட்பது மிகச் சாதாரணம். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை என்பதைச் சம இடைவெளியில் கேட்க வேண்டும் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியாது. பகலில் இரண்டரை மணி நேரம் தூங்கிவிட்டு, மாலையில் நாலு முறை சேர்த்துக் குடிப்பாள். அந்த மாலை உறிஞ்சலே அடுத்து வரும் நாட்களுக்கான சுரப்பைக் கூட்டுகிறது.

இரவுக்குப் பவுடர் பால் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த வேளை மார்பு காலியாகாது. நிரம்பிய மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் உச்சத்தில் இருக்கும், அந்த நேரத்து உறிஞ்சலை இழப்பது கூடுதல் நஷ்டம். சில வாரங்களில் வீட்டில் சொன்னது உண்மையாகிவிடும், பால் நிஜமாகவே குறைந்துவிடும். பவுடர் பாலை நான் எதிரியாகப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை ஏறாத குழந்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது மருந்து மாதிரி, குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இப்போது அந்தத் தேவை இல்லை. உங்களுக்குத்தான் தூக்கம் தேவை. உதவ நினைக்கிறவர்கள் நீங்கள் பால் கொடுத்ததும் குழந்தையை வாங்கி, ஏப்பம் எடுத்து, டயப்பர் மாற்றித் தூங்க வைக்கட்டும். அந்த 2 மணி நேரம் நீங்கள் வேறு அறையில் படுங்கள்.

இனி வலி. உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான், நீங்களோ கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வாரத்தில் கவ்வும்போது அரை நிமிடம் கூசுவது வேறு. 5 வாரம் கழித்தும் பால் கொடுக்கிற நேரம் முழுக்க வலித்தால், அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கத் தேவையில்லை. குழந்தை வாயிலிருந்து எடுத்தவுடன் வலது காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. புது லிப்ஸ்டிக்கின் முனை போல ஒரு பக்கம் சரிந்து தட்டையாகி, ஓரம் வெளுத்திருந்தால், குழந்தை காம்பை மட்டும் கவ்விக் கடினமான மேலண்ணத்தில் வைத்து நசுக்குகிறாள் என்று அர்த்தம்.

மாற்றும் வழி இது. குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க, வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காம்பை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்குக்கு நேராக வையுங்கள். மேலுதட்டில் லேசாக உரசிவிட்டுக் காத்திருங்கள். தலையைப் பின்னால் சாய்த்துக் கொட்டாவி விடுவது போல வாயைத் திறப்பாள். அந்த நொடியில் தோளைத் தாங்கி அவளை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள், தாடை முதலில் மார்பில் படட்டும். நீங்கள் குனிந்து மார்பை வாய்க்குள் திணிக்கக் கூடாது, தலையைப் பிடித்து அழுத்தவும் கூடாது. சரியாகக் கவ்வியிருந்தால் தாடை மார்பில் புதைந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியும், கீழே அவ்வளவாகத் தெரியாது. வலித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

இடது பக்கம் வலிக்கவில்லை என்பதால் இன்னொன்றும் செய்து பாருங்கள். இடது பக்கம் கொடுக்கிற அதே வாக்கில், குழந்தையைத் திருப்பிப் போடாமல் அப்படியே வலது மார்புக்கு நகர்த்துங்கள். கால்கள் உங்கள் வலது கைக்கு அடியில், முதுகுப் பக்கமாகப் போகும். ஒரு பக்கம் மட்டும் வலிக்கிற பல அம்மாக்களுக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. காம்புக்கு சோப்பு போடாதீர்கள், குடித்தபின் ஒரு சொட்டுப் பாலைத் தடவிக் காற்றில் உலர விடுங்கள்.

உங்களைப் போன்றவர்கள் வழக்கமாகக் கேட்கிற மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், அதனால் 6 மாதம் வரை வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். வைட்டமின் டி மட்டும் பாலில் குறைவு, நாளுக்கு 400 யூனிட் சொட்டுமருந்தாகக் கொடுக்க டாக்டரிடம் கேளுங்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல் வந்தாலும் பால் கொடுக்கலாம், பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பாலைச் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜின் உள்பகுதியில் 4 நாள் வைக்கலாம். மார்பில் ஒரு இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், அழுத்திப் பிசைய வேண்டாம். ஒரு நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், எழுப்பினாலும் எழாத சோர்வு, சட்டென்று குறைந்த சிறுநீர் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

வலது பக்க வலிக்கு நான் சொன்னதை 3 நாள் செய்து பாருங்கள். குறையாவிட்டால், தாய்ப்பால் ஆலோசகரிடமோ குழந்தைகள் நல டாக்டரிடமோ நேரில் காட்டுங்கள். நாக்கின் அடிச்சவ்வு இறுக்கமாக இருக்கிறதா, வாயில் பூஞ்சைத் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போகும்போது குழந்தைக்குப் பசிக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். நீங்கள் பால் கொடுப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.