ஓநாய்க்காலுக்குப் பஞ்சு எங்கே வைப்பது?

விலங்கு வேடத்துக்கு முழு உடல் உடை தைப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காலைப் பற்றியவைதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஓநாய் உடைக்குக் காலில் நிறையப் பஞ்சு வைத்தேன். ஓநாய்க்கால் வரவில்லை, தலையணை போல உருண்டு நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வைத்ததுதான் தப்பு. நாய், பூனை, ஓநாய் எல்லாம் விரல்களை ஊன்றி நடப்பவை. குதிகால் தரையில் படாது. அவற்றின் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்துவதை முழங்கால் என்று நினைக்கிறோம், அது கணுக்கால். நிஜ முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. நம் காலை அப்படி மாற்ற முடியாது, பார்ப்பவர் கண்ணுக்கு அப்படித் தோன்றவைக்கலாம். தொடையின் முன்னும் பின்னும் பருமனாகத் தொடங்கி, முழங்காலை நெருங்கும்போது இளைத்துவிட வேண்டும். அப்புறம் கெண்டைக்காலின் பின்பக்கம் ஒரு மேடு. அதற்குக் கீழே கணுக்கால் வரை வெறுமையாக விடுங்கள். அந்த வெறுமைதான் மேட்டைக் காட்டிக்கொடுக்கிறது. முழங்காலின் பின்குழியில் துளிப் பஞ்சும் கூடாது, கால் மடங்காது. தொடையின் உட்பக்கமும் மெலிதாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் நடக்கும்போது உரசும். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் முன்பக்கம் பார்த்தால் எதுவும் தெரியாது.

கரடி உடை என்றால் இந்தப் பாடு இல்லை. கரடி நம்மைப் போலவே முழுப் பாதம் ஊன்றி நடக்கும்.

கேள்வி: ஃபோம் நல்லதா, பஞ்சு நல்லதா?

பதில்: ஃபோம் வடிவத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சூடு அதிகம், நனைந்தால் காய நாளாகும். பாலியஸ்டர் பஞ்சு லேசானது, துவைக்கலாம். நாளடைவில் கட்டி தட்டும். நான் பஞ்சையே சொல்வேன். எதை எடுத்தாலும் உடையோடு சேர்த்துத் தைக்காதீர்கள். என் முதல் உடையில் அப்படித்தான் தைத்தேன். துவைத்து நான்கு நாளாகியும் உள்ளே ஈரம் போகாமல் நாற்றமெடுத்து, இரண்டு காலையும் பிரிக்க வேண்டியதாயிற்று. இறுக்கமான லெகிங்ஸில் பை பையாகத் தைத்து, அதற்குள் பஞ்சுத் திண்டுகளைச் செருகுங்கள். கழற்றலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

கேள்வி: துணி வெட்ட அளவு வேண்டும் என்று, உடம்பில் டேப் சுற்றி, பிறகு வெட்டிக் கழற்றி உடல் அச்சு எடுப்பதைத் தனியாகச் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய உடுப்பின் மேல் டக்ட் டேப் சுற்றியதும் உடம்புச் சூடு வெளியேறாது. அசையாமல் நிற்பதால் மயக்கமும் வரலாம். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் கையில் முனை மழுங்கிய கத்தரி இருக்க வேண்டும். நெஞ்சில் இறுக்காதீர்கள், முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். தலை சுற்றினால் அச்சு போனால் போகட்டும், உடனே வெட்டிவிடுங்கள். பஞ்சு லெகிங்ஸைப் போட்டுக்கொண்டே அச்சு எடுப்பது நல்லது. காலுக்குத் தனியாக அளவு கூட்ட வேண்டியதில்லை.

கேள்வி: தையல் கோடு பளிச்சென்று தெரிகிறது.

பதில்: கத்தரியால் வெட்டியிருப்பீர்கள். ஃபர் துணியைத் திருப்பிப் போட்டு, பின்துணியை மட்டும் பிளேடால் கீறுங்கள்; முடி அறுபடக் கூடாது. தைக்கும்போது முடியை உள்ளே தள்ளி, முடித்ததும் தையலில் சிக்கியதை ஊசியால் இழுத்துவிட்டுச் சீவுங்கள்.

கேள்வி: உட்கார்ந்தால் கவட்டில் தையல் விடுகிறது.

பதில்: நின்றபடி மட்டும் அளவெடுத்தால் இப்படி ஆகும். தோளிலிருந்து கவட்டு வழியாகப் பின்பக்கம் சுற்றி அதே தோளுக்கு வரும் அளவை உட்கார்ந்தும் எடுங்கள். பெரிய அளவுக்கே வெட்டுங்கள்.

கேள்வி: துவைத்த பிறகு ஹேர் டிரையர் போடலாமா?

பதில்: சூடான காற்று கூடாது. ஃபர் முடி பெரும்பாலும் அக்ரிலிக். சூட்டில் சுருண்டால் திரும்ப நேராகாது. திண்டுகளை எடுத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். பின்துணி தொட்டால் உலர்ந்திருக்க வேண்டும்; அதன் பிறகே முடிப்பக்கம் திருப்பிச் சீவுங்கள்.