அர்த்தம் கேட்காதீர்கள், செங்கல் கணக்கு கேளுங்கள்

(ஓவியர்கள், ஒளிப்படக்காரர்கள், கட்டடக் கலைஞர்களுடன் நடத்திய உரையாடல் தொடர் குறித்து வந்த கேள்விகளுக்குத் தொடரை எழுதியவர் பதில் சொல்கிறார்.)

ஓவியர்களிடம் 'இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?' என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எங்களுக்கு அதுதானே தெரிய வேண்டும்?
– தென்காசி வாசகர்

கேட்டால் பதில் வந்துவிடும், அதுதான் சிக்கல். பல இடங்களில் சொல்லிப் பழகிய பதில் வரும். 'மனித மனத்தின் தேடல்' என்பார். நானும் எழுதிக்கொள்வேன். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பாருங்கள். ஜாதகம் போலக் கட்டங்கள், எண்கள், நடுவே மலையாள எழுத்து மாதிரி வரிவரியாக ஏதோ இருக்கும். மலையாளம் தெரிந்தவர்கள் கிட்டே போய் வாசிக்கப் பார்ப்பார்கள். வாசிக்க வராது. எழுத்தின் சாயல் மட்டும்தான் அதில் உண்டு. அர்த்தம் தேடிப் போனவர் அங்கேயே திரும்பிவிட வேண்டியதுதான். 'எதைப் பார்த்து இது தொடங்கியது?' என்று கேட்டால் விஷயம் வேறு. 1963-இல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் கண்ணில் பட்டதிலிருந்து என்று பணிக்கரே பதிவு செய்திருக்கிறார்.

'சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?' என்பதும் நல்ல கேள்வி. சென்னைக்கு அருகே இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையே அதில்தான் இருக்கிறது. பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். படித்து வெளியே போகும் மாணவர்கள் ஓவியத்தை மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் எல்லோரும் சேர்ந்து சங்கம் வைத்து, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அப்படிச் சேர்ந்த காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-இல் அந்தக் கிராமம் உருவானது. 'கலையின் நோக்கம் என்ன?' என்று கேட்டிருந்தால் அந்தத் துணி வியாபாரம் பேச்சில் வந்திருக்குமா?

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் முறையில் கட்டும் சுவர் பற்றிப் படித்ததும் அப்படியே வீடு கட்ட ஆசை வந்துவிட்டது. எங்கள் மேஸ்திரியோ, 'சுவத்துக்குள்ள ஓட்டை விட்டுக் கட்டினா எலிதாம்மா குடியிருக்கும்' என்கிறார்.
– திருச்செங்கோடு வாசகி

எலிப்பொறிக் கட்டு என்றுதான் அதற்குப் பெயரே. மேஸ்திரி பாதி கேள்விப்பட்டிருக்கிறார். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவோம். இதில் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் செங்கல், நடுவே வெற்றிடம், இரண்டையும் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கல். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சமாகும். உள்ளே காற்று இருப்பதால் வெயிலும் குறைவாகத்தான் இறங்கும்.

ஆசைப்படுமுன் மூன்று விஷயம் பாருங்கள். செங்கல் ஒரே அளவில், முனை உடையாமல் இருக்க வேண்டும். கோணல் கல்லில் இது நிற்காது. மின்குழாய், தண்ணீர்க் குழாய் எங்கே வரும் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்தபின் கொத்தினால் சுவர் போச்சு. மூலை, கதவு ஜன்னல் ஓரம், அவற்றுக்கு மேலே விட்டம் போல வரும் லிண்டல் மட்டம் ஆகிய இடங்களில் வெற்றிடம் விடாமல் கட்ட வேண்டும்.

மேஸ்திரி தயங்குவதற்கு எலி காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். சதுர அடிக் கணக்கில் கூலி பேசியிருப்பீர்கள். இந்த வேலை மெதுவாகத்தான் நகரும், அவருக்குக் கட்டுப்படியாகாது. நாள் கூலிக்குப் பேசிப் பாருங்கள். அப்படியே ஒருமுறை திருவனந்தபுரம் கூட்டிப் போங்கள். அங்கே உள்ளூர் என்ற பகுதியில் பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் சுவர்களை அவர் தட்டிப் பார்க்கட்டும். பிறகு தம்பானூரில், சரிவுப்பாதை சுற்றிச் சுற்றி மேலேறும் இந்தியன் காஃபி ஹவுஸில் காபி. அதுவும் பேக்கர் கட்டியதுதான். பர்மிங்காமில் பிறந்து, அலுவலக மேஜையைவிட வேலை நடக்கும் இடத்திலேயே நின்று கொத்தனார்களோடு முடிவெடுத்த மனிதர் அவர். அதனால்தான் கட்டடக் கலைஞரைப் பேட்டி காணப் போனால் மேஸ்திரியோடும் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். பல நேரம் நல்ல பாதி அங்கேதான் கிடைக்கிறது.

ஒளிப்படக் கலைஞரிடம் 'என்ன கேமரா?' என்று கேட்பது அற்பமா?
– கோவை மாணவர்

அதோடு நிறுத்தினால் அற்பம். தயானிதா சிங் பல ஆண்டுகள் ஹாசல்பிளாட் கேமராவில் சதுரப் படம் எடுத்தவர். ஒரு சுருளில் பன்னிரண்டே படம். பன்னிரண்டுதான் என்றால் கை எப்போது அழுத்தும், எப்போது காத்திருக்கும்? அதைக் கேளுங்கள். அச்சிட்டதைச் சுவரில் மாட்டிவிட்டுப் போகாமல், படங்களை மாற்றி மாற்றி வைக்கக்கூடிய மரச் சட்டகங்கள் செய்து அவற்றை 'அருங்காட்சியகம்' என்று அழைக்கிறார் அவர். 2022-இல் ஹாசல்பிளாட் விருதும் அவருக்குக் கிடைத்தது. முடிந்தால், ஒரு சுருளின் எல்லாப் படங்களையும் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்ட காண்டாக்ட் ஷீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வேண்டாமென்று ஒதுக்கிய படங்களைப் பற்றிப் பேசும்போதுதான் ஆள் பிடிபடுவார்.

நீங்கள் சந்தித்தவர்களில் பிடிக்காமல் போனவர் யார்?
– மதுரை வாசகர்

இந்த இதழை அவர் தவறாமல் படிக்கிறார். அடுத்த கேள்வி.

ஒரு உரையாடலே கலைப்படைப்பாக ஆக முடியுமா?
– யாழ்ப்பாணம் வாசகி

உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறதே! ஓவியர் தா. சனாதனன் போரில் வீடிழந்தவர்களைச் சந்தித்து, விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அப்படிக் கிடைத்த 80 வரைபடங்களைக் கட்டட வரைகலை முறையில் மறுபடி வரையச் செய்து, ஒவ்வொன்றுக்கும் தன் பாஸ்டல் ஓவியத்தையும் சேர்த்தார். 2011-இல் அது புத்தகமாக வந்தது. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்கு வைத்தார். 'இழப்பைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தால் பலர் வாயே திறந்திருக்க மாட்டார்கள். வரையச் சொன்னதால் கிணறு எந்தப் பக்கம், குசினி எந்தப் பக்கம் என்று தானாக வரும். பேட்டி எடுக்கும் எவருக்கும் நான் சிபாரிசு செய்யும் முறை இது: கையில் ஒரு பென்சில் கொடுங்கள்.

எங்கள் ஊர்க் கட்டடக் கலைஞரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். அச்சுக்கு முன் அவரிடம் காட்ட வேண்டுமா?
– தஞ்சாவூர் வாசகி

பெயர், ஆண்டு, அளவு, பொருள்களின் விவரம் எல்லாவற்றையும் காட்டுங்கள், திருத்தினால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன கருத்தை நாசூக்காக மாற்றித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள், ஒலிப்பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள். அப்புறம், கட்டுரையை அனுப்புமுன் நல்ல மழை பெய்யும் நாளில் அந்தக் கட்டடத்துக்கு ஒருமுறை போய், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.