மின்வாகனக் கேள்வி-பதில்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாகனத்தின் பெயரே இல்லை. "சேர், சார்ஜ் ஏறுதில்லை, என்ன செய்யலாம்?" என்று மட்டும் எழுதினால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும். எந்த வாகனம், எந்த ஆண்டு, வீட்டுக்கு சிங்கிள் பேஸா மூன்று பேஸா, எந்தப் பிளக்கில் சொருகுகிறீர்கள்: இந்த நாலையும் எழுதுங்கள். வாகனமும் ஊரும் எழுதாதவற்றை ஒதுக்கிவைத்துவிட்டேன், ஒன்றைத் தவிர.

கேள்வி (அன்புவழிபுரம்): என்னிடம் அக்குவா ஹைபிரிட் இருக்கிறது. வீட்டுக் கரண்டில் சார்ஜ் செய்ய ஒரு பிளக் பூட்ட முடியுமா?

முடியாது. முடியும் என்று சொல்பவரின் கராஜில் வாகனத்தை விட்டுவிட்டு வராதீர்கள். அக்குவா, வெசல், வாகன்ஆர் எல்லாம் ஓடும்போதே தங்கள் பற்றரியை நிரப்பிக்கொள்பவை. சுவரில் சொருகுவது பிளக்-இன் ஹைபிரிட் மட்டும்.

கேள்வி (உவர்மலை): 2013 பிரியஸ் பிளக்-இன். வீட்டில் சாதாரண 13 அம்பியர் பிளக்தான். தனியாக சுவர்ச் சார்ஜர் வாங்க வேண்டுமா?

வேண்டாம், காசை வைத்திருங்கள். அதன் பற்றரி நாலரை யூனிட்டும் வராது. 10 அம்பியரில் இரண்டு மணித்தியாலம், கூடிப்போனால் இரண்டரை. ஆனால் அந்தப் பிளக்குக்கு டிபி போர்டிலிருந்து (வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) தனி வயரும் தனி பிரேக்கரும் இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். அரை மணித்தியாலம் கழித்து பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, சுட்டால் நிறுத்துங்கள். இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அப்புறம், கரண்டிலேயே ஓடித் திரிந்து என்ஜினை மறந்துவிடாதீர்கள். டாங்கில் மாதக்கணக்காகக் கிடக்கும் பெட்ரோலும் கெடும்.

கேள்வி (உப்புவெளி): 2014 நிசான் லீஃப். கேபிளில் உள்ள பெட்டியில் சிவப்பு லைட் எரிந்து சார்ஜ் ஏறவில்லை. எங்கள் எலெக்ட்ரீசியன் பிளக்கைத் திறந்து உள்ளே சின்ன வயர் ஒன்று போட்டார், இப்போது பச்சை எரிகிறது. மச்சான் அது பிழை என்கிறார். யார் சொல்வது சரி?

மச்சான் சொல்வதுதான் சரி. இதற்கு நான் கொஞ்சம் கூடுதலாக இடம் எடுக்கப் போகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டி சார்ஜர் அல்ல. சார்ஜர் வாகனத்துக்குள்ளே இருக்கிறது. பெட்டி காவல்காரன்: சுவரில் எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயர்) இருக்கிறதா, கரண்ட் எங்காவது கசிகிறதா என்று பார்த்து, எல்லாம் ஒழுங்கு என்றால்தான் லைனைத் திறக்கும். சிவப்பு எரிந்தால் பத்தில் ஒன்பது தடவை பழுது வீட்டில்தான். உங்கள் எலெக்ட்ரீசியன் பிளக்குக்குள் எர்த்தையும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டார். வீட்டு எர்த் உயிரோடு இருந்திருந்தால், அந்தச் சேர்ப்புக்கே ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிப்பது) பெரும்பாலும் விழுந்திருக்கும். விழவில்லை என்றால் அநேகமாக உங்கள் வீட்டில் எர்த் என்று ஒன்று இல்லை.

இப்போது வாகனத்தின் உடம்பு முழுக்க நியூட்ரல் வயரோடு தொடுத்திருக்கிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் ஒருநாள் உப்புக் காற்றில் அரித்துக் கழன்றுவிட்டது என்று வையுங்கள். பிரிட்ஜ், ஃபேன் வழியாக வந்த லைவ் திரும்பிப் போக வழியில்லாமல் உங்கள் லீஃபின் கதவில் நிற்கும், 230 வோல்ற். டயர் ரப்பர், அதனால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஈர மணலில் வெறுங்காலோடு வரும் பிள்ளை கதவைத் தொடும்போதுதான் தெரியும். அந்த நொடியில் பிள்ளைக்கு மிஞ்சியிருப்பது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அதன் டெஸ்ட் பட்டனைக் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்? இன்னும் ஒன்று: லைவும் நியூட்ரலும் மாறிப் பூட்டிய சொக்கெட் ஒன்றில் அதே பிளக்கைச் சொருகினால், நியூட்ரல் கழரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

மின்சார சபை கம்பத்திலிருந்து உங்களுக்குத் தருவது லைவும் நியூட்ரலும். எர்த் உங்கள் பொறுப்பு, உங்கள் வளவில் உள்ள உங்கள் கம்பி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல். மழை பெய்தால் நன்றாகக் கடத்தும், கச்சான் காற்று வீசி மேல்மண் காய்ந்தால் கடத்தாது. மார்கழியில் பச்சை, ஆடியில் சிவப்பு, ஏதோ பேய் பிடித்தது மாதிரி என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். பேய் இல்லை, மண்.

என் வீட்டிலேயே நடந்தது. "எர்த் அடித்தாச்சு" என்று பில் தந்துவிட்டுப் போனார் ஒருவர். மீற்றர் வைத்துப் பார்த்தால் 600 ஓம். இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தோண்டிப் பார்த்தேன். நாலடிக் கம்பி என்று காசு வாங்கியவர் புதைத்திருந்தது இரண்டு முழத்துக்கும் குறைவு, அதிலும் பாதி துரு.

செய்ய வேண்டியது இதுதான். அந்தத் துண்டு வயரை இன்றைக்கே பிடுங்குங்கள். செம்பு பூசிய கம்பி வாங்கி, ஈரமண் வரும்வரை இறக்குங்கள். ஒன்று போதாவிட்டால், கம்பியின் நீளமளவு தள்ளி இன்னொன்று அடித்து இரண்டையும் இணையுங்கள். இணைப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சின்னக் குழி கட்டுங்கள். உப்புப் போடச் சொல்வார்கள். வேண்டாம், உப்பு மழையில் கரைந்து போய்விடும், போகும்போது கம்பியையும் தின்றுவிட்டுப் போகும். எர்த் மீற்றர் வைத்து ஆடி, ஆவணியில் அளந்து பாருங்கள். 10 ஓமுக்குக் கீழே வந்தால் அருமை. மணலில் சில பத்து ஓமோடு நின்றால், நல்ல ட்ரிப் சுவிட்ச் இருக்கும்வரை நான் ஏற்றுக்கொள்வேன். மூன்று இலக்கத்தில் நின்றால் ஏற்கமாட்டேன்.

கேள்வி (செல்வநாயகபுரம்): புது வாகனத்தோடு 7 கிலோவாற் சுவர்ச் சார்ஜர் தந்தார்கள். வீட்டுக்கு சிங்கிள் பேஸ் 30 அம்பியர். பூட்டலாமா?

பூட்டலாம், 7 கிலோவாற்றில் ஓட்ட முடியாது. அது தனியே 32 அம்பியர் இழுக்கும். உங்கள் வீடு முழுவதற்கும் இருப்பதே 30. தண்ணி மோட்டரும் ஏசியும் எந்தக் கணக்கில் போகும்? சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து வையுங்கள், இரவு முழுக்க ஏறட்டும். அப்படியே வாகனத்துக்கு ஏற்ற ட்ரிப் சுவிட்ச் எது என்று சார்ஜர் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். ஏசி வகை (Type AC) என்ற மலிவான ட்ரிப் சுவிட்ச் சிலவேளை டீசி (நேர் மின்னோட்ட) கசிவில் குருடாகிவிடும். உங்கள் வீட்டின் எர்த்தையும் பாருங்கள்.

கேள்வி (கிண்ணியா): லீஃப் வாங்கி முதல் மாதமே பில் பயங்கரம். மீற்றர் பிழையா?

மீற்றர் சரி, உங்கள் கணக்குத்தான் பிழை. ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர் என்றால் இழப்பையும் சேர்த்து ஐந்து யூனிட், மாதத்துக்கு 150. வீட்டுக்கு ஏற்கெனவே 120 போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 180-ஐத் தாண்டினால் கடைசிப் படி, அங்கேதான் யூனிட் விலை கூட. சாதாரண வீட்டுக் கட்டணத்தில் இரவு 11 மணி யூனிட்டும் மாலை 7 மணி யூனிட்டும் ஒரே விலை, எனவே விழித்திருந்து சொருகுவதால் உங்களுக்கு லாபம் இல்லை. மூன்று பேஸ் இணைப்பு உள்ளவர்கள் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம். அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை தொடவே கூடாது.

கேள்வி (தம்பலகாமம்): 24 யூனிட் லீஃப், 8 கோடு மிச்சம். கொழும்புக்குப் போகலாமா?

போகலாம், ரயிலில். பற்றரியின் ஆரோக்கியத்தை டாஷ்போர்டில் காட்டும் 12 கோட்டில் 8 என்றால் பற்றரியின் கொள்ளளவு மூன்றில் இரண்டுதான், 16 யூனிட் என்று வையுங்கள். ஏசி போடாமல் பொறுமையாக ஓட்டினால் 100 கிலோமீற்றர். திருமலையிலிருந்து கொழும்பு 260 சொச்சம். வழியில் இரண்டு மூன்று தடவை வேகச் சார்ஜ் ஏற்ற வேண்டும், அந்தந்த இடத்தில் உங்களுக்குரிய சாடெமோ வாய் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று முதலிலேயே போன் போட்டுக் கேட்க வேண்டும். புதிய நிலையங்களில் சீசிஎஸ் என்ற வேறு வகை வாய் மட்டும் இருந்தால் உங்கள் வாகனத்துக்கு உதவாது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் பற்றரி தீர்ந்து நின்றால் முதலில் வந்து விசாரிப்பது யானையாக இருக்கும்.

கேள்வி (மூதூர்): பிவைடி அட்டோ 3. எத்தனை வீதம் வரை சார்ஜ் ஏற்றலாம்? விற்றவர் 100 என்கிறார், நண்பர் 80 என்கிறார்.

விற்றவர் சொல்வது சரி. அது இரும்பு பொஸ்பேற் பற்றரி. கிழமைக்கு ஒருமுறையாவது 100 வரை ஏற்றாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று வாகனமே தப்பாகக் காட்டும். நண்பர் சொன்னது லீஃப் போன்றவற்றுக்கு.

கேள்வி (பாலையூற்று): கச்சான் காலத்தில் வெயிலில் ஓடி வந்தவுடன் சார்ஜ் போடலாமா?

லீஃப் என்றால் வேண்டாம், அதன் பற்றரிக்குக் குளிர்விக்கும் தண்ணீர் கிடையாது. நிழலில் விட்டு, இரவில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டாம் தடவை வேகச் சார்ஜ் போட்டால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நிலையக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (வாகனப் பெயர் இல்லை, ஊர் இல்லை): சார்ஜ் ஏறுதில்லை, டாஷ்போர்டும் எரியுதில்லை.

இவரை விட்டுவிட மனம் வரவில்லை. பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ற் பற்றரி செத்தால் வாகனம் கண்ணே திறக்காது. அதை மாற்றிப் பாருங்கள். பிறகு ஊரையும் வாகனத்தையும் எழுதுங்கள்.

கேள்வி (சீனக்குடா): கரண்ட் போனால் வீட்டு ஜெனரேட்டரில் சொருகினேன், பெட்டி மறுக்கிறது.

மறுக்கத்தான் வேண்டும். சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரல் மண்ணோடு சேர்ந்திருக்காது, எர்த் இல்லை என்று பெட்டி முடிவு செய்யும். பிளக்குக்குள் துண்டு வயர் போட யாராவது முன்வந்தால் உப்புவெளிக்காரருக்கு எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி (குச்சவெளி): மழையில் சார்ஜ் போடலாமா?

வாகனப் பக்கம் போடலாம், அந்த வாய் மழைக்கென்றே செய்தது. சுவர்ப் பக்கப் பிளக் கூரைக்குள் இருக்க வேண்டும். முற்றத்தில் வெள்ளம் ஏறினால் கழற்றிவிடுங்கள்.